பழைய பாரில் ஒரு புள்ளி

நானாட்டான்காரருக்கு ஒளிக்கத் தெரியாது. ஒளிக்க அங்கே என்ன இருக்கிறது? வயல் வீதியோரத்தில் கிடக்கிறது. யாருடைய வரம்பு உடைந்தது, யாருடைய பயிர் மஞ்சளடித்தது என்பதெல்லாம் பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரியும். றெபேக்கா அந்த ஊரில் உழவு இயந்திரம் ஓட்டியவர் ஒருவரின் மகளாகப் பிறந்தவள். கேள்வி கேட்டால் பதில் வரும், வந்த பதில் உண்மையாக இருக்கும் என்று நம்பி வளர்ந்தவள். அந்த நம்பிக்கையையும் சீதனம்போலக் கட்டிக்கொண்டு அரிப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள்.

கட்டியது றெனால்ட்டை. கடற்றொழில் செய்கிறவன், சிரித்த முகம், சொந்தமாக ஒரு பிளாஸ்டிக் போட்டும் எஞ்சினும் வைத்திருந்தான். வவுனியாவில் கணினி படித்த பிள்ளை ஒரு தொழிலாளியைக் கட்டுகிறதா என்று நானாட்டானில் பலபேர் மூக்கில் விரல் வைத்தார்கள். வைத்தவர்கள் வைத்தபடியே இருக்கட்டும் என்று அவள் வந்துவிட்டாள். வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு லப்டொப். அங்கிருந்தபடியே கடல்கடந்த ஒரு கொம்பனிக்கு வேலை செய்தாள். மூன்று வருடத்தில் அந்த ஊரின் பேச்சு, சாப்பாடு, பூசை நேரம் எல்லாம் பழகிவிட்டது. ஒன்று மட்டும் பழகவில்லை, அதை அவளுக்கு ஒருவரும் சொல்லவுமில்லை.

அவள் எழுதியது ஹாஸ்கெல் என்ற மொழியில். மற்ற மொழிகள் பல, எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கி, பாதிவழியில் விழுந்து பல்லை உடைத்துக்கொள்ளும். இது அப்படியல்ல. இங்கே ஒவ்வொரு பெறுமானத்துக்கும் ஒரு வகை உண்டு. மீற்றரில் அளந்த ஆழம் ஒரு வகை, இரண்டு கை விரித்த நீளமான பாகத்தில் அளந்த ஆழம் வேறு வகை. இரண்டையும் தெரியாமல் கூட்டிவிட்டால், எழுதியதைச் சரிபார்க்கும் கொம்பைலர் அந்த இடத்திலேயே மறித்துவிடும். புரோகிராம் உருவாகவே உருவாகாது.

"உன்ர கொம்பைலர் எங்களுக்கு ஞானப்பாடம் படிப்பிச்ச சட்டம்பியார் மாதிரி" என்பான் றெனால்ட். "புதுநன்மைக்கு விடமுன்னம் அந்தாள் எங்களை எத்தினை கேள்வி கேட்டது தெரியுமே? ஒண்டு பிழைச்சாலும் வீட்டை போ எண்டிரும்."

அவளுக்கு அந்தக் கண்டிப்புத்தான் பிடித்திருந்தது. அதிலும் ஒரு கேள்வி அவளுக்கு மிகவும் பிடித்தது. ஒரு பெறுமானம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றால், அதற்கென்றே ஒரு வகை இருக்கிறது. அதைத் தொடுகிற ஒவ்வொரு இடத்திலும் கொம்பைலர் விடாது கேட்கும்: இல்லாவிட்டால் என்ன செய்வாய்? கெட்டிக்காரர் இந்தச் சந்தேகத்தை உள்ளே விடமாட்டார்கள். வாசலிலேயே கேட்டுத் தீர்த்துவிட்டு, உள்ளே வந்த பிறகு எல்லாம் நிச்சயம் என்கிற மாதிரி வகைகளை அமைப்பார்கள். றெபேக்கா அந்தக் கெட்டித்தனத்தைப் பாடுபட்டுக் கற்றிருந்தாள். கொம்பனியில் அதற்கு நல்ல பெயரும் வாங்கியிருந்தாள்.

பக்கத்து ஊர்ப் போட் ஒன்று எஞ்சின் நின்று கடலில் அலைந்து வந்த கதையைக் கேட்டபோது அவளுக்கு மனம் பொறுக்கவில்லை. தன் புருஷனும் அந்தக் கடலில்தானே கிடக்கிறான்? சும்மா கிடைத்த நேரங்களிலெல்லாம் உட்கார்ந்து ஊர்க் கடற்றொழிலாளர் சங்கத்துக்கென்று ஒரு புரோகிராம் எழுதினாள். தொழிலுக்குப் போகுமுன் போட்காரர் போனை எடுத்து, வரைபடத்தில் போகும் இடத்தைத் தொடவேண்டும். கரைக்கு வந்ததும் வந்தாயிற்று என்று அழுத்தவேண்டும். காலையில் குறித்த நேரத்துக்குள் அழுத்தாவிட்டால் சங்கத்து எல்லாப் போன்களுக்கும் தகவல் போகும்: இன்னாருடைய போட் திரும்பவில்லை, போன இடம் இது, தேடுங்கள்.

அகலக்கோடும் நெடுங்கோடும் இடம்மாற முடியாதபடி வகைகள் வைத்தாள். தரையில் விழுகிற புள்ளியை ஏற்காதபடி செய்தாள். எல்லாவற்றுக்கும் மேலாக, இடம் இல்லாத பயணம் என்று ஒன்று அந்தப் புரோகிராமுக்குள் இருக்கவே முடியாதபடி கட்டினாள். சங்கக் கூட்டத்தில் அதை விளக்கியபோது தலைவர் அலெக்ஸாண்டர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, விரும்பினவன் இடத்தைப் போடட்டும், விரும்பாதவன் விடட்டும் எண்டு வைக்கேலாதோ?"

"இடம் இல்லாட்டி எங்க தேடுறது மாமா? போட்டாத்தான் அடுத்த பக்கத்துக்கு விடும்."

அலெக்ஸாண்டர் பிடரியைச் சொறிந்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள்.

இங்கேதான் அரிப்புக் கரையைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். கடலடியில் கிடக்கும் கற்பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். நல்ல பாரில் மீன் நிற்கும். அப்படி ஒரு பாரைத் தேடிக் கண்டுபிடித்தவன் அதைக் கூடப்பிறந்தவனுக்கும் காட்டமாட்டான். கரைக்கு வருமுன் ஜீபீஎஸ்ஸை அணைத்துத் துணியில் சுற்றிவிடுவான். "எங்க போறீர்?" என்று கேட்பதே அங்கே மரியாதையில்லை. தெரியாமல் எவனாவது கேட்டுவிட்டால் "பழைய பாருக்கு" என்பார்கள். அந்தக் காலத்தில் முத்துச்சிப்பி அள்ளிய இடம் அது. இப்போது அங்கே சிப்பியும் இல்லை, மீனும் இல்லை, வலை போட்டால் கிழியும். பழைய பாருக்கு என்றால், உனக்கேன் அந்தக் கதை என்று அர்த்தம். கடற்கரையில் பிறந்தவர் எல்லாருக்கும் இது தெரியும். தண்ணீர் பாய்ச்சும் முறையைக்கூடக் கந்தோர்ச் சுவரில் எழுதி ஒட்டுகிற ஊரில் பிறந்த றெபேக்காவுக்கு எப்படித் தெரியும்?

புரோகிராம் கேட்டது, அவர்கள் பதில் சொன்னார்கள். எல்லாரும் பழைய பாரைத் தொட்டார்கள். ஒருவன் கொஞ்சம் வடக்கே, ஒருவன் கொஞ்சம் தெற்கே, அவ்வளவுதான் வித்தியாசம்.

றெபேக்கா அதைக் கவனிக்காமலில்லை. "எல்லாப் போட்டும் ஒரே இடத்திலயே நிக்குது. மீன் மிஞ்சுமோ?" என்று ஒருநாள் கேட்டாள். றெனால்ட் சோறு புரையேறுமட்டும் சிரித்தான். அவளும் சேர்ந்து சிரித்தாள், எதற்கென்று தெரியாமலே. அவனுடைய உண்மையான பாரை அவனும் யேசுதாசனும்தான் அறிவார்கள். யேசுதாசன் அவனோடு கூடப் போகும் ஆள். மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், கூலிவேலை செய்து அலுத்துக் கடலுக்கு வந்து, நீந்துவதில் கரையில் பிறந்தவர்களையே விஞ்சியவர். இருவரும் ஒரு மாரி முழுக்கத் தேடித் திரிந்து அந்தப் பாரைக் கண்டுபிடித்தார்கள். கலவாயும் விளைமீனும் பெட்டி பெட்டியாக வந்தன.

தை மாதத்தில், வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில், எல்லாப் போன்களும் ஒன்றாகச் சத்தமிட்டன. றெபேக்காவுடையதும் சத்தமிட்டது. புரோகிராம் சொன்னபடி வேலை செய்கிறது என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான் போட்டின் பெயரைப் பார்த்தாள். றெனால்ட்டின் போட்.

நேவிக்காரர் இடத்தைக் கேட்டார்கள். தசம தானம் பிசகாமல் கொடுத்தாள். வாடைக்காற்றில் எஞ்சின் நின்றால் போட் கரையை விட்டுத் தென்மேற்கே இழுபடும் என்றும், அந்தப் புள்ளியிலிருந்து தேடத் தொடங்குவதாகவும் சொன்னார்கள். ஊர்ப் போட்களும் எஞ்சினை முடுக்கிக்கொண்டு ஓடின. யேசுதாசனின் மனைவி சிவராணி வேலைக்குப் போன இடத்திலிருந்து சேறு காயாத காலோடு வந்து, றெபேக்காவின் மேசைக்கு அருகில் நிலத்தில் அமர்ந்தாள்.

"போன் இடத்தைக் காட்டுதெல்லே தங்கச்சி?"

"ஓம் அக்கா. காட்டுது."

"அப்ப கூட்டிக்கொண்டு வந்திருவினம்" என்றாள் சிவராணி. செபமாலையை எடுத்துச் செபிக்கத் தொடங்கினாள்.

வெயில் ஏறி இறங்கியது. அந்தப் புள்ளியிலும் அதற்குத் தென்மேற்கேயும் ஒரு பிளாஸ்டிக் கான்கூட இல்லை என்று நேவியிடமிருந்து செய்தி வந்தது. பின்னேரம் அலெக்ஸாண்டர் கடலிலிருந்து நேரே அவள் வீட்டுக்கு வந்தார். இருங்கோ என்றாள், இருக்கவில்லை. அவளை வேலிப் பக்கம் கூப்பிட்டார்.

"பிள்ளை, அவன் அங்க போகேல்லை."

"எங்க?"

"பழைய பாருக்கு. ஒருத்தரும் அங்க போறேல்லை. அங்க என்ன கிடக்கு, மண்ணாங்கட்டி."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. "எல்லாரும் ஒவ்வொரு நாளும் அதைத்தானே மாமா போடுறியள்?"

"போடத்தான் போடுறம். நானும்தான் போடுறன். இடம் போடாட்டி விடமாட்டன் எண்டு நீதானே சொன்னனீ. போட்ட இடம் ஊரில எல்லார்ர போனுக்கும் போகுமெண்டும் நீதான் சொன்னனீ. அப்ப ஆர் பிள்ளை தன்ர பாரைப் போடுவான்?"

"காலைமையே இதைச் சொல்லியிருக்கலாமே!" என்றாள் அவள். "நேவி ஒரு பகல் முழுக்க அங்க தேடினதே!"

"அவன் ஒருவேளை உனக்கு உண்மையைப் போட்டிருப்பான் எண்டு நினைச்சம்" என்றார் அலெக்ஸாண்டர். "நீ அவன்ர மனிசியெல்லே. இப்ப நேவிக்கும் சொல்லிப்போட்டன்."

யார்மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. சரி, நடந்தது நடந்தது, இனி எந்தக் கடலைத் தேடியாயிற்று, எது மிச்சம் என்றாவது பார்ப்போம் என்று உள்ளே வந்து வரைபடத்தைத் திறந்தாள். தேடப்போன போட்களும் புறப்படும்போது இடம் போட்டிருந்தன. எல்லாம் பழைய பாரில் நின்றன. தேடிப்போன மனிதர்களும் தங்கள் தங்கள் பார் வழியாகத்தான் போயிருக்கிறார்கள், அதைக் காட்ட மனமில்லை. எந்தத் தண்ணீரை யார் பார்த்தார்கள் என்று அவளுக்குச் சொல்ல அந்த வரைபடத்தில் ஒன்றுமில்லை.

அப்போது அவளுக்குத் தெரிந்த ஒரே வேலையை அவள் செய்தாள். வகையை மாற்றினாள். பயணத்தில் இடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று திருத்தினாள். தெரியாது என்று சொல்ல விட்டிருந்தால் அவர்கள் பொய் சொல்லியிருக்கமாட்டார்களே. தெரியாது என்றிருந்தால் நேவி முதலிலேயே நாலு பக்கமும் போயிருக்குமே. இப்போதாவது தேடுகிறவர்கள் வெறுமையாக விடட்டும், வாயால் கேட்டு ஏதாவது அறியலாம் என்று நினைத்தாள்.

இந்த மொழியில் அது இன்பமான வேலை. ஓரிடத்தில் வகையை மாற்றினால் போதும். அதை நம்பியிருந்த மற்ற இடங்களையெல்லாம் கொம்பைலர் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டித் தரும். ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு போனால் கடைசியில் எல்லாம் பொருந்திவிடும். கொம்பனி வேலையில் இப்படிச் செய்யும்போது அவள் பாட்டு முணுமுணுப்பாள். இன்றைக்கு அந்தப் பிழைகள் திரை நிறைய வந்து விழுந்தன, எல்லாம் ஒரே கேள்வியாக. வரைபடத்தில் புள்ளி போடுகிறாயே, இடம் இல்லாவிட்டால்? ஒன்றும் போடாதே என்று எழுதினாள். பட்டியலில் காட்டுகிறாயே, இடம் இல்லாவிட்டால்? தெரியாது என்று காட்டு. போட்களைத் தேட அனுப்புகிறாயே, இடம் இல்லாவிட்டால்?

அந்த வரியில் கை நின்றது.

"என்ன தங்கச்சி சொல்லுது?" என்று சிவராணி நிலத்திலிருந்து கேட்டாள்.

"சொல்லேல்லை அக்கா. கேக்குது."

"என்ன கேக்குது?"

"இடம் தெரியாட்டி எங்க அனுப்புறதெண்டு கேக்குது."

சிவராணி எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தாள். அதில் ஓர் எழுத்தும் அவளுக்குப் புரிந்திருக்காது. "நீ என்ன சொல்லப்போறாய்?" என்றாள்.

நிரப்பத் தெரியாத இடத்தில் ஒரு கீழ்க்கோடு போட்டுவிட்டால், அங்கே எந்த வகையான பெறுமானம் வேண்டும் என்று கொம்பைலரே சொல்லும். எத்தனையோ தரம் அவளைக் காப்பாற்றிய வழி அது. கீழ்க்கோட்டைப் போட்டாள். இங்கே ஓர் இடம் வேண்டும் என்று பதில் வந்தது. இன்னொரு தரம் ஓட்டினாள். இங்கே ஓர் இடம் வேண்டும். றெபேக்கா லப்டொப்பின்மேல் தலையைக் கவிழ்த்து, வாய்விட்டு அழுதாள். அவள் படித்த படிப்பு முழுவதும் அந்த மேசையில் இருந்தது. அதைக்கொண்டு தன் புருஷனை ஒரு முழம்கூடக் கரைக்கு இழுக்க அவளால் முடியவில்லை.

அவனைக் கண்டது கொண்டச்சி ஊர்ப் போட் ஒன்று. தேடிப்போன போட் அல்ல, தன் பாட்டில் தொழிலுக்குப் போன போட். மூன்றாம் நாள், தெற்கே வெகுதூரத்தில், போட்டின் முன்பக்கத்து அணியத்தில் சுருண்டு கிடந்த றெனால்ட்டைக் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். போன் வந்தபோது சிவராணி குசினியில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருந்தாள். "ஒராள்தான் பிள்ளை. உங்கட அவர்தான்" என்றார் பேசியவர். றெபேக்காவின் நெஞ்சு குதித்தது. அந்தக் குதிப்பை அவள் வெறுத்தாள். குசினிக்கு எப்படிப் போவது என்று தெரியாமல் போனைப் பிடித்தபடி நின்றாள். சிவராணியே வாசலுக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் றெனால்ட் சேலைன் ஏறக் கிடந்தான். உதடு வெடித்து, முகம் தோலுரிந்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் அலெக்ஸாண்டரும் இன்னும் இரண்டு போட்காரரும் நின்றார்கள். நடந்ததை அவன் விட்டுவிட்டுச் சொன்னான். வலை எஞ்சின் காற்றாடியில் சுற்றிக்கொண்டது. யேசுதாசன் கத்தியைக் கடித்துக்கொண்டு இறங்கினார். அடியில் நீரோட்டம் கடுமை. ஒருதரம் மேலே வந்து மூச்செடுத்தார், மறுபடி இறங்கினார், வரவில்லை. இவன் கத்திக் கத்திக் காத்திருந்தான். நங்கூரக் கயிறு பாரில் தேய்ந்து அறுந்த பிறகுதான் போட் இழுபட்டது.

சிவராணி அழாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "தம்பி, அவர் இறங்கினது எந்த இடம்?" என்றாள்.

றெனால்ட் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் நின்ற மூன்று பேரையும் பார்த்தான்.

"பழைய பாரில அக்கா" என்றான்.

கால்மாட்டில் நின்றவர்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. "பழைய பாரில" என்று சிவராணி தனக்குள் திருப்பிச் சொன்னாள், மறந்துவிடக்கூடாது என்பதுபோல.

வெளி விறாந்தையில் அவள் தன் போனை றெபேக்காவிடம் நீட்டினாள். "அந்த இடத்தை இதில காட்டி வைச்சுத் தா தங்கச்சி. முப்பத்தோராம் நாள் ஆரையும் கெஞ்சிக் கேட்டு அங்க போய்ப் பூப் போடவேணும். எனக்குக் கடல் தெரியாது."

"நில்லுங்கோ அக்கா, வாறன்" என்று றெபேக்கா திரும்ப உள்ளே போனாள். ஆண்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார்கள்.

"உண்மையான இடத்தைச் சொல்லுங்கோ" என்றாள். "எனக்கு மட்டும்."

றெனால்ட்டின் கண்கள் நிறைந்தன. "நானும் யேசு அண்ணையும்தான் அதைக் கண்டுபிடிச்சனாங்கள்."

"அப்ப அந்த மனிசிக்குச் சொல்லுங்கோவன்!"

"சொன்னா நீ போனில போட்டிருவாய்."

"போடமாட்டன். மாதா அறிய."

"நீ போடாட்டியும், அவவைக் கூட்டிக்கொண்டு போறவன் பார்ப்பானே? அடுத்த நாள் முழுக் கரையும் அதில வந்து நிக்கும். பிறகு நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது? அண்ணையின்ர பிள்ளையளுக்கு நான் எதிலயிருந்து குடுக்கிறது?" மூச்சு வாங்கினான். "அதிலயிருந்துதானே குடுக்கவேணும்."

அவன் சொன்னதில் ஒரு சொல்லையும் அவளால் பிழை என்று சொல்ல முடியவில்லை. சரி என்றும் சொல்ல முடியவில்லை. அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் விறாந்தைக்குத் திரும்பி வந்தாள்.

சிவராணி மர வாங்கின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். றெபேக்கா அவளருகில் அமர்ந்து போனை வாங்கி, வரைபடத்தைத் திறந்தாள். தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அது பொய் என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தாள். இரண்டுக்கும் வாய் வரவில்லை. கடலில் பழைய பார் கிடக்கும் இடத்தைத் தேடி, விரலை வைத்து ஒரு புள்ளி போட்டாள். புரோகிராம் அதை எடுத்துக்கொண்டது.

சிவராணி போனை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள். கண்ணாடிக்கு மேலால் அந்தப் புள்ளியை மெல்லத் தடவினாள்.

"நீ இல்லாட்டி, அவர் எங்க கிடக்கிறாரெண்டுகூட எனக்குத் தெரியாமப் போயிருக்கும் தங்கச்சி" என்றாள்.